தாயில்லாக் குஞ்சுக்கு விளக்கே தாய்!

வீதியில் கூடைக்காரர் வருகிறார். கூடை நிறையக் கோழிக்குஞ்சுகள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று ஊதா. எல்லாம் சாயம்! குழந்தைகள் அழுது அடம் பிடித்து இரண்டு குஞ்சுகளை வாங்கிவிடுகிறார்கள்.

முதல் நாள் வீடே கலகலப்பு. இரண்டாம் நாள் ஒரு குஞ்சு தலையைத் தொங்கப் போடுகிறது. மூன்றாம் நாள் இரண்டும் இல்லை. குழந்தைகள் கண்ணீர் விடுகிறார்கள். "அதற்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள்.

இதே கதைதான் கோழி வளர்க்க நினைக்கும் குடும்பங்களிலும் நடக்கிறது. இருபது குஞ்சு வாங்கி, மாதக் கடைசியில் ஐந்து மிஞ்சினால், போட்ட முதல் எங்கே திரும்பும்?

ஆயுசு குறைவு என்பது சரியல்ல. நல்ல குஞ்சு பொரித்த அன்றே நடக்கும், கொத்தும், ஓடும். அதற்கு இல்லாதது ஒன்றே ஒன்று. அதுதான் தாய்! தாய்க்கோழி செய்யும் வேலைகளை நாம் செய்துவிட்டால், பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும்.

தாய்க்கோழி செய்யும் நாலு வேலை

அடைகாத்த கோழி 21 நாளில் குஞ்சு பொரிக்கிறது. பிறகு என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள்.

ஒன்று, இறக்கைக்குள் வைத்துச் சூடு கொடுக்கிறது. இரண்டு, "கொக், கொக்" என்று கூப்பிட்டு இரை காட்டுகிறது. மூன்று, நாள் முழுவதும் மண்ணைக் கிளறி, குஞ்சுகளுக்கு ஓயாமல் வேலை கொடுக்கிறது. நான்கு, பருந்து, பூனை வந்தால் பாய்ந்து காக்கிறது.

வாங்கி வந்த குஞ்சுக்கு இந்த நாலும் வேண்டும். இதற்காகச் செய்யும் கதகதப்பான கூண்டுக்குத்தான் "புரூடர்" என்று பெயர். பெரிய பண்ணையில் அது பெரியதாக இருக்கும். வீட்டில் ஒரு வளையமும் ஒரு விளக்கும் போதும்.

தபாலில் போன குஞ்சுகள்

பிறந்த குஞ்சு உடனே சாப்பிட வேண்டியதில்லை. முட்டைக்குள் இருந்து வெளியே வருவதற்குச் சற்று முன்பு, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு, மூன்று நாளுக்குத் தாங்கும்.

இதை நம்பித்தான் ஒரு வியாபாரமே பிறந்தது. 1892ல் அமெரிக்காவில் ஜோசப் வில்சன் என்பவர், நியூஜெர்சியில் இருந்து சிகாகோ நகரத்துக்கு ஒரு நாள் குஞ்சுகளை ரெயிலில் அனுப்பினார். 1918 முதல் அந்நாட்டுத் தபால் இலாகாவே குஞ்சுப் பெட்டிகளை ஏற்றுக்கொண்டது!

ஆனால் கட்டுச்சோறு தீர்ந்துவிட்டால் அப்புறம் ஒன்றுமில்லை. வழியில் களைத்த குஞ்சு, வீட்டிலும் தண்ணீரையும் தீனியையும் கண்டுபிடிக்காவிட்டால் மூன்றாம் நாள் சாய்ந்துவிடும். கூடைக்காரரிடம் வாங்கிய குஞ்சு மூன்றாம் நாள் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூலையில்லாத வீடு

குஞ்சு வருவதற்கு முன்பே வீடு தயாராக இருக்கவேண்டும்.

ஒன்றரை அடி உயரத்துக்குத் தகரமோ, கெட்டி அட்டையோ, பழைய பாயோ எடுத்து வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். சதுரப் பெட்டி வேண்டாம். ஏன்? குளிர் அடித்தால் குஞ்சுகள் எல்லாம் மூலையில் போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் உள்ளது மூச்சுத் திணறிச் செத்துவிடும். வட்டத்தில் மூலை ஏது?

நாலு வாரம் வரை குஞ்சு ஒன்றுக்கு அரை சதுர அடி இடம் வேண்டும். இருபது குஞ்சுக்கு நாலு அடி குறுக்களவுள்ள வட்டம் தாராளம்.

தரையில் இரண்டு அங்குல உயரத்துக்குக் காய்ந்த உமியைப் பரப்புங்கள். முதல் மூன்று நாள் மட்டும் உமிமேல் கோணித் துணியோ, சொரசொரப்பான காகிதமோ விரியுங்கள். இல்லாவிட்டால் தீனி என்று நினைத்து உமியைத் தின்றுவிடும். வழவழப்பான காகிதம் கூடாது. கால் வழுக்கி இருபுறமும் விரிந்துவிடும். அப்படி விரிந்த கால் சேருவது கஷ்டம்.

குண்டு பல்பு தேடுங்கள்

குஞ்சின் உடம்பில் இருப்பது இறகு அல்ல, வெறும் பஞ்சு. அது சூட்டைத் தேக்கி வைக்காது. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளக் குஞ்சுக்கு இரண்டு வாரமாவது ஆகும். இறகு முளைத்து முடிய இன்னும் சில வாரம்.

ஆகையால் முதல் வாரம் விளக்கடியில் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் வேண்டும். அதாவது 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். இரண்டாம் வாரம் 90, மூன்றாம் வாரம் 85, நாலாம் வாரம் 80.

இங்கே ஒரு ஜாக்கிரதை! இன்று வீடுகளில் எரிவது எல்.இ.டி. பல்பு. அது வெளிச்சம் தரும், சூடு தராது. அதைத் தொங்கவிட்டுவிட்டு, "விளக்கு எரிந்தும் குஞ்சு செத்துப் போனதே!" என்று வருந்துபவர்கள் உண்டு. கம்பி எரியும் பழைய குண்டு பல்புதான் வேண்டும். குஞ்சு ஒன்றுக்கு ஒரு வாட், குளிர்காலத்தில் இரண்டு வாட் என்பது கணக்கு. இருபது குஞ்சுக்கு 40 வாட் பல்பு ஒன்று போதும். குளிர் அதிகமுள்ள ஊரில் 60 வாட் போடலாம்.

பல்பை ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். மின்சார ஒயரை மட்டும் நம்பாமல், சங்கிலியோ கம்பியோ போட்டுக் கட்டுங்கள். பல்பு உமியில் விழுந்தால் தீ!

சித்திரை, வைகாசி வெயிலில் பகலில் விளக்கே வேண்டியிராது. இரவில் மட்டும் போடலாம். மின்சாரம் நின்றுவிட்டால் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரிப்புகை குஞ்சுக்கும் எமன், மனிதருக்கும் எமன். ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, நடுவில் வைத்தால் போதும். ஆறியதும் வெந்நீரை மாற்றுங்கள்.

குஞ்சுதான் வெப்பமானி

உஷ்ணம் பார்க்கக் கருவி இல்லையா? கவலை வேண்டாம். குஞ்சுகளே சொல்லும்.

எல்லாம் விளக்கடியில் ஒட்டிக்கொண்டு கூச்சல் போட்டால், குளிர். விளக்கைத் தாழ்த்துங்கள்.

எல்லாம் ஓரத்துக்கு ஓடி, வாயைத் திறந்து, இறக்கையைப் பரப்பினால், சூடு அதிகம். விளக்கை உயர்த்துங்கள்.

எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால், எதிர்ப்பக்கத்தில் இருந்து ஊதக்காற்று அடிக்கிறது. அந்தப் பக்கத்தை மறையுங்கள்.

வட்டம் முழுவதும் பரவி, சில தின்று, சில தூங்கி, சில ஓடிக்கொண்டிருந்தால், எல்லாம் சரி!

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். கணீர் என்று விடாமல் "கீச், கீச்" என்றால் ஏதோ குறை. பசி, குளிர், தனிமை, மூன்றில் ஒன்று. மெல்லிய குரலில் சலசலத்தால் திருப்தி என்று அர்த்தம். இரவு படுக்கப் போகும்முன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவது மிகவும் நல்லது.

முதலில் தண்ணீர்!

குஞ்சு வீட்டுக்கு வந்ததும் தீனி போடாதீர்கள். முதலில் தண்ணீர்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ கரையுங்கள். ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து, அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுங்கள். மூக்கு முழுகக் கூடாது. ஒரு குஞ்சு குடிக்கக் கற்றால், பார்த்து மற்றவை கற்கும். மறுநாள் முதல் வெறும் தண்ணீர் போதும்.

தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும். அதில் சுத்தமான கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். குஞ்சு உள்ளே விழுந்து நனையாது. நனைந்த குஞ்சு குளிரிலேயே போய்விடும். தினமும் இரண்டு, மூன்று தடவை தட்டைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தீனி. கடையில் "குஞ்சுத் தீவனம்" என்று கேட்டு வாங்குவது நல்லது. அதில் நூற்றுக்கு 20 பங்கு அளவு புரதம் இருக்கும். வளரும் குஞ்சுக்கு அது அவசியம். அரிசிக் குருணை மட்டும் போட்டால் வயிறு நிறையும், வளர்ச்சி இராது.

புண்ணாக்கு கலப்பவர்கள் முகர்ந்து பார்த்துக் கலக்கவேண்டும். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று மடிந்தன. காரணம் தெரியாமல் திகைத்தார்கள். பிறகு ஆராய்ந்தபோது, தீனியில் கலந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது தெரிந்தது. அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சுக்கு "அப்ளாடாக்சின்" என்று பெயர். பூஞ்சை வாடை அடிக்கும் தீனியை எறிந்துவிடுங்கள்.

கரையான் பானை

நம் கிராமத்துப் பெண்கள் வழிவழியாகச் செய்துவரும் ஒரு முறை இருக்கிறது. காசு செலவில்லை.

பழைய மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், மக்கிய ஓலை ஆகியவற்றைப் போட்டு, தண்ணீர் தெளியுங்கள். கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் அந்தப் பானையைக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் வெயில் ஏறுமுன் எடுத்தால் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகளின் முன் தட்டினால் போட்டி போட்டுக்கொண்டு பொறுக்கும்! கரையான் புரதம் நிறைந்தது. பூச்சிமருந்து தெளித்த இடத்துக் கரையான் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒன்றை ஒன்று கொத்துவது ஏன்?

சூடும் இருக்கிறது, தீனியும் இருக்கிறது. ஆனாலும் இரண்டாம் வாரம் ஒரு தொல்லை ஆரம்பிக்கும். ஒரு குஞ்சு மற்றதன் வாலைக் கொத்தும். இரத்தம் கண்டால் எல்லாக் குஞ்சுகளும் சேர்ந்து அதையே கொத்தும். சில சமயம் கொன்றேவிடும்.

இது கெட்ட குணம் அல்ல. வேலை இல்லாத குறை!

நம் வீட்டுக் கோழிக்கு மூதாதை, ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. அது பகலில் பெரும் பகுதி நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டும் கொத்திக்கொண்டும் இருக்கும். அந்தப் பழக்கம் குஞ்சின் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. தட்டில் தீனி தயாராகக் கிடந்தால் வயிறு கால் மணியில் நிறைந்துவிடும். மீதி நேரம் அலகு என்ன செய்யும்? பக்கத்தில் இருப்பதைக் கொத்தும்.

நெருக்கடி, அதிகச் சூடு, கண்ணைக் கூசும் வெளிச்சம், இவையும் கொத்தலைக் கூட்டும். முதலில் அவற்றைச் சரி செய்யுங்கள். காயம்பட்ட குஞ்சை உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். அப்புறம் மற்றவற்றுக்கு வேலை கொடுங்கள்.

குஞ்சுகளுக்கு விளையாட்டுச் சாமான்

கடைக்குப் போகவேண்டாம். எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

கீரைக் கட்டு: முருங்கைக் கீரையோ, அகத்திக் கீரையோ ஒரு கொத்து எடுத்து, குஞ்சின் தலை உயரத்துக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். எட்டி எட்டிக் கொத்தும். கீரை கொடுக்கும்போது ஒரு சிட்டிகை பொடி மணலும் தூவுங்கள். கோழிக்குப் பல் இல்லை. மணல்தான் அதன் வயிற்றில் கீரையை அரைக்கும்.

புல் மண்கட்டி: தோட்டத்தில் இருந்து ஒரு கட்டி புல்லை வேரோடும் மண்ணோடும் வெட்டி வையுங்கள். அரை நாள் அதைக் கிளறிக்கொண்டிருக்கும். மற்றக் கோழிகள் எச்சம் போடாத இடமாகப் பார்த்து வெட்டவேண்டும்.

குச்சி: இரண்டாம் வாரம் தரையில் இருந்து இரண்டு, மூன்று அங்குல உயரத்தில் விரல் கனமுள்ள குச்சியை வையுங்கள். ஏறி உட்கார முயலும், விழும், மறுபடி ஏறும். அது காலுக்கு நல்ல தேகப்பயிற்சி.

செங்கல்: ஒரு செங்கல் போதும். "மலை" ஏறி இறங்கி விளையாடும்.

மணல் தட்டு: ஓர் அகலத் தட்டில் காய்ந்த ஆற்று மணலை நிரப்பி வையுங்கள். படுத்துப் புரண்டு மணலைத் தன்மேல் வாரிப் போட்டுக்கொள்ளும். அதுதான் கோழியின் குளியல்! பேன், செள் அண்டாமல் இருக்கவும் இது உதவும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வைக்கவேண்டாம். இரண்டு நாளுக்கு ஒன்று மாற்றுங்கள். புதுச் சாமான் வந்தால் முதலில் பயந்து ஓடும். பிறகு ஒரு துணிச்சல்காரக் குஞ்சு கிட்டே போய்க் கொத்திப் பார்க்கும். அடுத்த நிமிஷம் எல்லாம் அங்கே கூடிவிடும்.

ஒரே ஒரு குஞ்சை மட்டும் வாங்காதீர்கள். தனிக் குஞ்சு கத்திக் கத்தியே மெலியும். இரண்டு, மூன்றாவது இருந்தால் ஒன்றுக்கொன்று துணை.

கணக்குப் போடும் குஞ்சு

குஞ்சின் தலை சுண்டைக்காய் அளவு. ஆனால் உள்ளே உள்ள மூளையை லேசாக எண்ணவேண்டாம்.

1873ல் டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர், பொரித்த குஞ்சு தான் முதலில் காணும் நடமாடும் உருவத்தின் பின்னே போகும் என்று எழுதினார். அது கோழியானாலும் சரி, வாத்தானாலும் சரி, மனிதரானாலும் சரி! உங்கள் வீட்டுக் குஞ்சு குழந்தைகளின் பின்னாலேயே ஓடுவது இதனால்தான்.

இத்தாலி நாட்டு விஞ்ஞானிகள் 2009ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சில நாள் வயதே ஆன குஞ்சுகளை ஐந்து சிறு பந்துகளோடு வளர்த்தார்கள். அந்தப் பந்துகளே குஞ்சுக்கு உற்றார், உறவினர். பிறகு குஞ்சு பார்க்கும்போதே, ஒரு தட்டிக்குப் பின்னால் மூன்று பந்தும், இன்னொன்றின் பின்னால் இரண்டு பந்தும் மறைத்தார்கள். அவிழ்த்துவிட்டதும் குஞ்சுகள் அதிகப் பந்துள்ள பக்கமே பெரும்பாலும் ஓடின. நடுவில் சில பந்துகளை இடம் மாற்றிக் காட்டியபோதும், கூட்டிக் கழித்துச் சரியான பக்கத்துக்கே போயின!

இப்படிப்பட்ட மூளையை வெறும் அட்டை வட்டத்தில் ஒரு மாதம் சும்மா அடைத்துவைத்தால் அது தொல்லை செய்யாமல் என்ன செய்யும்?

செத்த குஞ்சா, தூங்கும் குஞ்சா?

குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடிவருவார்கள். "அம்மா! குஞ்சு செத்துப்போச்சு!"

பதறாதீர்கள். ஓடிக்கொண்டிருந்த குஞ்சு, நின்ற இடத்திலேயே பொத்தென்று சாய்ந்து, காலை நீட்டித் தூங்கும். மெதுவாகத் தொட்டால் துள்ளி எழுந்து ஓடும். கைக்குழந்தையைப் போல் குஞ்சுக்கும் அடிக்கடி தூக்கம் வேண்டும். அதை எழுப்பி விளையாடக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

மூன்று நோய்கள்

பின்புறம் அடைத்தல்: முதல் வாரத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து, ஆசனவாயை அடைத்துவிடும். வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடையுங்கள். பிய்த்து இழுத்தால் தோல் கிழியும். துடைத்தபின் ஈரம் காயும்வரை விளக்கடியில் விடுங்கள்.

இரத்தக் கழிச்சல்: எச்சத்தில் இரத்தம் தெரியும். குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு குன்றி நிற்கும். ஈரமான உமியே இதற்கு வழி. தினமும் உமியைக் கிளறிவிடுங்கள். நனைந்த இடத்தை அள்ளி எறிந்து புது உமி போடுங்கள். மூக்கில் காரவாடை ஏறினால் உமி கெட்டுவிட்டது என்று பொருள். நோய் கண்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் கிடைக்கும் மாத்திரையை நீங்களே வாங்கிக் கரைத்து ஊற்றவேண்டாம்.

வெள்ளைக் கழிச்சல்: இதுதான் கொடியது. ஊரில் உள்ள கோழிகளை எல்லாம் வாரிக்கொண்டு போகும். ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். ராணிக்கெட் என்பது இமயமலைப் பகுதியில், இன்றைய உத்தரகாண்டில் உள்ள ஓர் ஊர். 1920களில் இந்தியாவில் இந்நோய் அங்கே கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். வந்தபின் மருந்து கிடையாது. வருமுன் தடுக்கலாம். முதல் வாரக் கடைசியில் கண்ணிலோ மூக்கிலோ ஒரே ஒரு சொட்டு மருந்து! எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. இடையில் போடவேண்டியவற்றை மருத்துவர் சொல்வார். தடுப்பு மருந்தை ஐஸில் வைத்தே கொண்டுவரவேண்டும். சூடு பட்டால் அதன் சக்தி போய்விடும்.

எதிரிகள் ஜாக்கிரதை

பூனை, காகம், கீரிப்பிள்ளை, பாம்பு, பெருச்சாளி, எல்லாவற்றுக்கும் குஞ்சு என்றால் ஆசை. வட்டத்தின் மேலே கம்பிவலை போட்டு மூடுங்கள். எலி நுழையும் ஓட்டைகளை அடையுங்கள். எறும்பையும் அலட்சியம் செய்யாதீர்கள். இறைந்த தீனியை மாலையில் கூட்டி எடுத்துவிட்டால் எறும்பு வராது.

குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை

குஞ்சைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குஞ்சுக்கு முத்தம் கொடுக்காதீர்கள். நல்ல ஆரோக்கியமாகத் தெரியும் குஞ்சின் எச்சத்திலும் மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கையில் குஞ்சைக் கொடுக்கவே வேண்டாம்.

சாயம் பூசிய குஞ்சு எங்கிருந்து வருகிறது, தெரியுமா? முட்டைக் கோழி பொரிப்பகங்களில், பொரித்த அன்றே சேவலையும் பெட்டையையும் பிரிப்பார்கள். சேவல் முட்டை இடாது, கறிக்கும் சீக்கிரம் கொழுக்காது. அப்படி ஒதுக்கப்பட்ட சேவல் குஞ்சுகள்தான் பெரும்பாலும் கூடையில் வருகின்றன. விளக்கும் வட்டமும் தயார் செய்யாமல் ஆசைக்காக வாங்கவேண்டாம். வாங்கிவிட்டால் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு.

எப்போது வெளியே விடலாம்?

நாலாம் வாரம் முடிந்து, உடம்பு முழுவதும் இறகு வந்தபின், வெயில் நேரத்தில் ஒரு மணி, இரண்டு மணி வெளியே விடுங்கள். இரவில் திரும்பவும் உள்ளே. ஆறாம் வாரத்தில் விளக்கு வேண்டியதில்லை. மழை, பனிக் காலமானால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

வீட்டில் அடைக்கோழி இருந்தால் இன்னும் சுலபம். ஒரு நாள் குஞ்சுகளை இருட்டியபின் ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். விடிந்ததும் பெரும்பாலும் தன் பிள்ளை என்றே ஏற்றுக்கொள்ளும். கொத்தினால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள்.

அடைக்கோழி இல்லாவிட்டால் பல்பும், கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டும், ஒரு கொத்து முருங்கைக் கீரையும் இருக்கவே இருக்கின்றன. காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை குனிந்து பார்க்க வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். இருபது குஞ்சு வாங்கியவர் வீட்டில் இருபது கோழி மேய்வதற்கு வேறு இரகசியம் எதுவும் இல்லை.